மீன் தொட்டி டைமரும் சமையலறை பல்பும்

திருவொற்றியூர்,
ஜூலை 9.

அன்பு மகன் ஜெஸ்வினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான், உன் அம்மா, ஒன்பது ஜிலேபி மீன்கள் எல்லோரும் சுகம். ஒன்பதா, நான் பன்னிரண்டு அல்லவா விட்டுவந்தேன் என்று நீ கேட்பாய், அதற்குத்தான் வருகிறேன். நம் சபை அம்புரோஸ் மகள் அனிஷா வெள்ளிக்கிழமை கால்கரிக்குத் திரும்புகிறாள், அவள் கையில் நெத்திலிக் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் நீ உடனே வீடியோவை மாடிப்பக்கம் திருப்பச் சொல்வாய், என் குட்டு உடைந்துவிடும், அதனால்தான் பேப்பர். என் பக்கம் ஒரு பொய், உன் பக்கம் ஒரு பொய், இரண்டையும் இதில் எழுதிவிடுவது என்று நானும் உன் அம்மாவும் பேசி முடித்திருக்கிறோம். பெரியவன் என்கிற முறையில் என் பொய் முதலில்.

நீ கிறிஸ்துமஸுக்கு வந்தபோது மாத்தூரிலிருந்து இரண்டு நீல டிரம் வாங்கிவந்து, ஒன்றில் மீனும் பாதி அறுத்த இன்னொன்றில் ஜல்லி போட்டுக் கீரையும் வைத்து, மீன் தண்ணீர் கீரைக்கு ஏறிக் கீரைத் தண்ணீர் மீனுக்கே இறங்குகிற மாதிரி மோட்டார் மாட்டிக் கொடுத்தாய், நன்றாகத்தான் செய்தாய், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மோட்டாருக்கு ஒரு டைமரை மாட்டி, மணிக்குப் பதினைந்து நிமிடம் ஓட வேண்டும் என்று உன் போனிலேயே பூட்டிவிட்டுப் போனாய் பார், அது எனக்குப் பிடிக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் பைப்புக் கடை வைத்திருந்தவன் நான், இந்த ஊரில் பாதி வீட்டுத் தண்ணீர் என் கடை எல்போ வளைவு வழியாகத் திரும்பித்தான் குழாய்க்கு வருகிறது, என் மாடியில் என் கீரைக்கு எப்போது தண்ணீர் என்று கனடாவிலிருந்து உத்தரவு வருவதா. இருந்தாலும் பிள்ளை ஆசையாகச் செய்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஏப்ரலில் ஒரு நாள் கரண்ட் போனது. ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது, வைஃபை மட்டும் வரவில்லை, உன் டைமர் உன் உத்தரவுக்காகக் காத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க அணைந்தே இருந்தது, நீ அங்கே உறங்கிக்கொண்டிருந்தாய், நான் சபைக் கமிட்டிக் கூட்டத்தில் இருந்தேன். உன் அம்மா துணி எடுக்க மாடிக்குப் போனவள் எனக்குப் போன் செய்து, ஏங்க மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்கி, சீக்கிரம் வாங்க என்று அலறினாள், மாடரேட்டர் பேராயர் வரவேற்புக்கு மாலையா பொன்னாடையா என்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன். மூன்று போய்விட்டது. உன்னிடம் சொல்லவில்லை, நீ வருத்தப்படுவாய் என்று.

அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், டைமர் வேண்டாம், சைபன்தான். நீ இஞ்சினியர், உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். கீரைத் தொட்டி நடுவில் ஒரு குழாய், அதன்மேல் தலை மூடிய பெரிய குழாயைத் தொப்பி மாதிரி கவிழ்த்து வைப்பது. மோட்டார் நிற்காமல் மெதுவாக ஓடும், தண்ணீர் உள்குழாயின் தலையைத் தொட்டதும் தானாக உறிஞ்சத் தொடங்கி மொத்தத்தையும் மீனுக்கு இறக்கிவிடும், அடியில் காற்று புகுந்ததும் தானாக நின்றுவிடும். போன் வேண்டாம், வைஃபை வேண்டாம், கனடா வேண்டாம். கரண்ட் போனால் இதுவும் நிற்கும், பொய் சொல்ல மாட்டேன், ஆனால் கரண்ட் வந்தால் யாரையும் கேட்காமல் மறுபடி ஓடும், இடையில் மீன் மூச்சுக்குக் கொளத்தூரிலிருந்து பேட்டரி காற்று மோட்டார் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கரண்ட் பில் கொஞ்சம் கூடத்தான் வருகிறது, அதை உன் அம்மா தினமும் சொல்லிக்காட்டுகிறாள், நீ வேறு ஆரம்பிக்காதே.

செய்ய உட்கார்ந்த பிறகுதான் பைப்பு விற்பது வேறு, பைப்பு நம் சொல் கேட்பது வேறு என்று தெரிந்தது. முதல் தடவை தண்ணீர் உள்குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக வழிந்துகொண்டே இருந்தது, உறிஞ்சவே இல்லை, நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வால்வைத் திறந்து வேகம் கூட்டினேன், உறிஞ்ச ஆரம்பித்தது, பிறகு நிற்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை அம்புரோஸ் ஜெபம் ஆரம்பித்த மாதிரி போய்க்கொண்டே இருந்தது. இதை அனிஷாவிடம் சொல்லாதே. மூன்றாம் தடவை எல்லாம் சரியாக வந்தது, தண்ணீர் வெளியேறுகிற குழாயின் எல்போவை மட்டும் எந்தப் பக்கம் திருப்பினேன் என்று பார்க்கவில்லை, மொத்தத் தண்ணீரும் கீழ்வீட்டுப் பரசுராமன் காயப்போட்டிருந்த யூனிஃபாரத்தின் மேல் இறங்கிவிட்டது. துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன், டியூட்டிக்குக் கிளம்புகிற நேரம், மேலே ஏறிவந்து, இன்னா நைனா, மாடில கடலு கட்டிகினு கீறியா, சட்டையெல்லாம் மீனு நாத்தம், கேட்ல என்னிய உள்ள வுடுவானா என்று கேட்டான். நியாயமான கேள்விதான். என் வெள்ளைச் சட்டையைக் கொடுத்தனுப்பினேன், அது இன்னும் திரும்பி வரவில்லை.

சைபன் நிற்க வேண்டுமென்றால் சரியான சமயத்தில் தொப்பிக்குள் காற்று புக வேண்டும், அதற்கு மெல்லிய ரப்பர் டியூப் ஒன்றை அதன் தலையில் சொருகி மறுமுனையைத் தொட்டியின் அடிவரைக்கும் இறக்கிவிட வேண்டும். கடையில் இல்லை, வீட்டில் இருந்தது. மறுநாள் காலை உன் அம்மா நீ வாங்கிக் கொடுத்த பிபி மெஷினை எடுத்துப் பார்க்கிறாள், பட்டை இருக்கிறது, மெஷின் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் டியூப்பைக் காணோம். மெஷின் இல்லாமலேயே அன்றைக்கு அவள் பிபி எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் சைபன் நின்றது ஜெஸ்வின். பதினெட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நிறைகிறது, கடகடவென்று இறங்குகிறது, கடைசியில் பாயசக் கிண்ணத்தை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம், நின்றுவிடுகிறது. பரசுராமன் இப்போது டியூட்டி விட்டதும் அதைப் பார்க்க வந்துவிடுகிறான், இன்னா நைனா, எவனும் தொடாமயே கரீட்டா எறங்குது என்று நாற்காலியில் சாய்ந்தவன் அப்படியே குறட்டை விடுகிறான். பசலைக்கீரை கைப்பிடிச் சுவர் வரை ஏறிவிட்டது.

இப்போது பொய். சைபனுக்கு மோட்டார் நிற்காமல் ஓட வேண்டும் என்பதால் உன் டைமரைக் கழற்றினேன், கால்மணி நேரத்தில் நீ கூப்பிட்டு, அப்பா, ஆஃப்லைன் காட்டுது, மீன் செத்துரும் என்று பதறினாய். உன் குரலைக் கேட்டு உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வைஃபை கோளாறு என்று சொல்லிவிட்டு, கிறிஸ்துமஸ் ஸ்டாருக்குள் இருந்த சிவப்பு பல்பை எடுத்து டைமரில் மாட்டி, சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் சொருகிவிட்டேன். ஆக இரண்டு மாதமாக நீ கால்கரியிலிருந்து மீனுக்குத் தண்ணீர் விடவில்லை, உன் அம்மாவுக்கு பல்பு எரிய வைத்துக்கொண்டிருக்கிறாய். அவள் அதை வீணாக்கவில்லை. எட்டு மணி பல்புக்கு என் மாத்திரை, பதினொரு மணி பல்புக்கு உலை, நான்கு மணி பல்புக்குக் காப்பி.

இனி உன் பொய். மணி அடித்தால் எரிய வேண்டிய பல்பு, மத்தியானம் ஒன்றரை, ஒன்றே முக்காலுக்குத் தானாக எரிய ஆரம்பித்தது. ஒயர் கோளாறு என்று பரசுராமனைக் கூப்பிட்டேன், அவன் பார்த்துவிட்டு, வயரு நல்லாதான் கீது, அங்கேர்ந்து யாரோ போன்ல தட்டிகினு கீறாங்க என்றான். உன் அம்மா விரல்விட்டு மணியைக் கணக்குப் போட்டாள், முகம் மாறிவிட்டது. ஏங்க, அங்க ராத்திரி ரெண்டு மணிங்க, உங்க மவன் உறங்கலங்க என்றாள். அதிலிருந்து பல்பு அப்படி எரிகிற நாளுக்கெல்லாம் சபைக் காலண்டரில் புள்ளி வைத்துக்கொண்டு வருகிறாள், ஜூனில் பதினேழு புள்ளி. ஞாயிற்றுக்கிழமை, நல்லா உறங்குதியா ராசா என்று கேட்டாள், எட்டு மணி நேரம் உறங்குறேம்மா என்றாய். சரி ராசா என்று போனை வைத்துவிட்டு அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. வேலையா, உடம்பா, மனசா, என்ன என்று கேட்டு உன்னைக் குடைய மாட்டேன். மீன் செத்துவிடுமோ என்று எழுந்து எழுந்து பார்க்கிறாய் என்றால் அந்தக் கவலையை விடு, மீனை சைபன் பார்த்துக்கொள்ளும். வேறு ஏதாவது என்றால் எங்களிடம் சொல்.

ஆகஸ்டில் வரும்போது இரண்டாவது தொட்டிக்கு இன்னொரு டைமர் கொண்டுவருகிறேன் என்றாய், வேண்டாம், அதற்கும் சைபன்தான். ஆனால் பழைய டைமரை உன் போனிலிருந்து அழித்துவிடாதே, உன் அம்மா என்னைத் தொலைத்துவிடுவாள். உறக்கம் வராத அன்றைக்குத் தட்டு. பல்பு எரிந்தால் அவள் கூப்பிடுவாள், எடு. பேச ஒன்றும் இல்லாவிட்டால் பரவாயில்லை, போனை மாடிக்குக் கொண்டுபோய் சைபன் பக்கத்தில் வைக்கிறேன், பரசுராமனையே உறங்க வைக்கிறது, உன்னை வைக்காதா.

கர்த்தர் உன் படுக்கையைச் சமாதானமாக்குவாராக. வேளாவேளைக்குச் சாப்பிடு. கருவாட்டை ஃபிரிட்ஜில் வைக்காமல் விட்டு அக்கம்பக்கத்தாரிடம் பேச்சு வாங்காதே. வரும்போது பிபி மெஷினுக்கு ஒரு டியூப்.

இப்படிக்கு, உன் நலம் நாடும் அப்பா,
தே. தேவப்பிரியம்.

கையெழுத்துப் போட்டு மடிக்கப்போனேன். மணி ஒன்று ஐம்பது. பல்பு எரிகிறது. உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு போனைத் தேடுகிறாள். ஜெஸ்வின், எடுடா.