மூன்றாவது படி

இலோயிலோ,
ஞாயிறு காலை

அன்பு மகள் மாரிவிக்குக்கு,

நானும் உன் தங்கை ஜோவலினும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், வின்னிபெக் குளிரில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று இன்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். ஹாங்காங்கிலிருந்து அம்மா பேசினாள், அவள் வேலை செய்யும் வீட்டுக்காரர்கள் டிசம்பரில்தான் லீவு தருவார்களாம். போன மாதம் ஜோவலின் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் வயதுக்கு வருவதைப் பற்றிய வகுப்புக்கு எங்களையும் கூப்பிட்டார்கள், அப்பாக்களும் கட்டாயம் வரவேண்டுமாம். போய்ப் பார்த்தால் பையன்களும் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவரும் கேலி செய்யவில்லை. எவலின் டீச்சர் என் கையில் ஒரு நாப்கினைக் கொடுத்துத் துணியில் ஒட்டிக் காட்டச் சொன்னார், நான் பசைப் பக்கத்தை மேலே வைத்துவிட்டேன். "அண்ணே, டயருக்குப் பஞ்சர் ஒட்டுற ஆளு நீங்க, இதைத் தலைகீழா ஒட்டிட்டீங்களே" என்றார், எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு, "ஒருத்தரைப் பிடிச்சிருந்தா சொல்லலாம், வேண்டாம்னு பதில் வந்தா அதோட விட்டுடணும்" என்று பிள்ளைகளிடம் சொன்னார். வேண்டாம் என்று சொன்ன பிறகும் உன் அம்மா பின்னால் ஆறு மாதம் வண்டியோட்டிக்கொண்டு போனவன் நான், தலையைக் குனிந்துகொண்டேன். டீச்சர் படித்த காலத்தில் பையன்களை வெளியே அனுப்பி ஜன்னலைச் சாத்தி ஒரே ஒரு படத்தைக் காட்டுவார்களாம், கேள்வி கேட்டால் அடக்கம் இல்லாதவள் என்பார்களாம். உனக்கும் அப்படித்தானே நடந்திருக்கும். இந்த டீச்சரை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இந்தச் செவ்வாய்க்கிழமை நம் ஜோவலினுக்கு அந்த நாள் வந்தது. ஒளியவில்லை, அழவில்லை, "அப்பா, வந்துடுச்சு, கடைக்குப் போய்ட்டு வாங்க" என்றாள். நான் வாங்கி வருவதற்குள் என் அக்கா பாசிங் வந்து அவளை வாசல் மரப்படியில் நிறுத்தியிருந்தாள். "மூணாவது படியிலேருந்து குதிடி, மாசாமாசம் மூணே நாள்ல நின்னுடும், உங்க அக்காவையும் நான்தான் குதிக்க வெச்சேன்" என்றாள். ஜோவலின் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "குதிச்சா காலுதான் ஒடியும் அத்தை, நாள் குறையாது, டீச்சர் சொல்லிட்டாங்க" என்றாள். உன்னையும் குதிக்க வைத்தாள் என்று கேட்டதும் என் கையிலிருந்த பை நழுவிவிட்டது.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அதே படியடியில் நீ கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாய் மாரிவிக். ஆட்டம் போட்டு விழுந்தாய் என்று திட்டினேன். ஊர்த் திருவிழா நடனத்துக்கு நீ போக முடியாமல் போனபோதும் உனக்கு வேண்டியதுதான் என்றேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னிடம் எப்படிச் சொல்லியிருப்பாய், சொல்லும்படி நான் இருந்தேனா. அதை நினைத்து நினைத்து வெட்கப்படுகிறேன், அப்பாவை மன்னித்துவிடு மகளே.

வேலைக்குப் போகும் முன் வயிறாரச் சாப்பிடு, மாதா உன்னைக் கண்போலக் காக்கட்டும். பனிக்காலத்தில் பழைய அடி வலிக்கும் என்கிறார்கள், அந்தக் கணுக்கால் இப்போது எப்படி இருக்கிறது? அன்று கேட்கவேண்டியதை இன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது.

உன் அப்பா,
அன்செல்மோ