உடையாத லெட்

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனியில் டிராயிங் போடும் பவ்யா, உடம்பு முடியாமல் அலுத்துப்போய், வேலையை விடுவதாகச் சொல்லி அழுதாள். அதற்குக் கணவன் சஞ்சய் உசத்தியான டிராஃப்டிங் பென்சில் ஒன்றை வாங்கி நீட்டிவிட்டு, திருப்பதி ஓட்டலுக்கு நைட் டூட்டி போய்விட்டான். விடியலில் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் அதே பென்சிலால் அவனுக்குச் சீட்டு எழுதினாள்:

“மாமா, ரசம் கீது. அப்பளம் நீயே சுட்டுத் துன்னு. கேஸ்காரரு வந்தா புக்கு டிவி மேல கீது. ஒடம்பு முடியலன்னு அழுவுறவளுக்கு பென்சிலா வாங்கினு வருவாங்க?”

பென்சிலின் லெட் உடையட்டும் என்றே அந்தக் கடைசி வரியை அழுத்தினாள். தாள்தான் கிழிந்தது. பெருமூச்சு விட்டு, அடியில் நெருக்கி எழுதினாள்:

“ஈரக்கையில கூட வழுக்கல. இம்மாம் அழுத்தியும் லெட் உடையல. நல்ல பென்சில்தான். கோவம் அப்படியே கீது. இன்னிக்கு ஒரு நாளைக்கு வேலைக்கு இத்த எடுத்துக்கினு போறேன்.”