அண்ணன் அனுப்பிய எஸ்.எஸ்.டி.கள்

நோர்வூட்,
வியாழக்கிழமை, மார்ச் 2026

அன்புள்ள லோஜன் அண்ணனுக்கு,

தங்கச்சி வினோதா எழுதுகிறேன். நீ அனுப்பிய எஸ்.எஸ்.டி.களைச் செவ்வாய்க்கிழமை கடைக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்று கையில் சரிந்தபோது உள்ளே ஏதோ சின்னதாக உருண்டு ஓரத்தில் மோதி நின்றது. மறுபடி சரித்துப் பார்த்தேன். மறுபடியும் உருண்டது. முதலாளி கஜேந்திரன் அண்ணன் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வதை நீயும் கேட்டிருப்பாய். "கம்ப்யூட்டர்ல ஏத்துறதெல்லாம் இதுலதான் நிக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரி இல்ல, இதுக்குள்ள ஓடுற சாமான் ஒன்னுமே கெடையாது, கீழ விழுந்தாலும் பயப்படாதீங்க" என்பார். ஓடுகிற சாமான் இல்லாத பெட்டிக்குள் எது ஓடுகிறது என்று யோசித்துக்கொண்டே அதை அலுமாரியில் வைத்துவிட்டேன். முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்க வாய் வரவில்லை. நான் எப்படி என்று உனக்குத் தெரியும்.

வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, ஆனால் பனியில் வெளியே உட்காருவதை மட்டும் விடமாட்டேன் என்கிறார். லயத்துக்கு மேலே மண் சரிந்த இடத்தில் தகரம் அடித்து மறைத்திருக்கிறார்கள். மழை வந்தால் அம்மா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். கொழுந்து குறைவாம், ஒரு நாள் சம்பளத்துக்குப் பெயர் போடுவதற்கே மலையைச் சுற்ற வேண்டியிருக்கிறது என்கிறார்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வீட்டில் உன் அழைப்பு வந்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். அப்பா கேட்பார், லயத்தில் அடுத்த காம்பரா வீட்டிலிருந்து பேச்சியம்மா பெரியம்மாவும் கேட்பார். கடையில் முதலாளி பக்கத்திலேயே இருப்பார். மெசேஜ் அனுப்பினால் நீ "பெறகு பேசுறேன்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவாய். இது எல்லோருக்கும் முன்னால் பேசுகிற விஷயம் இல்லை. எழுதினால் நீ கடைசி வரைக்கும் படிப்பாய்.

இந்தச் சாமான்களின் விலை போகிற போக்கு உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பெரிய கம்பெனிகள் ஏ.ஐ. வேலைக்கென்று உலகத்து மெமரி சிப்பையெல்லாம் வாங்கிக்கொள்கிறார்களாம், மிஞ்சுவதுதான் நமக்காம். கொழும்பில் காலையில் சொல்கிற விலை பின்னேரம் இல்லை என்று கஜேந்திரன் அண்ணன் விலைச் சீட்டு ஒட்டுவதையே நிறுத்திவிட்டார். ஓட்டோ ஓட்டுகிற செல்லசாமி அண்ணன் ஒருநாள் வந்து விலையைக் கேட்டுவிட்டு, "தோட்டச் சம்பளம் ஏற வருஷக்கணக்கா கத்துறோம். ஒங்க சிப்பு தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள ஏறிடுது. அதுக்கு எந்தச் சங்கம்ணே?" என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார், ஆனால் அன்றைக்கு ஒன்றும் விற்கவில்லை.

அந்த நேரத்தில்தான் நீ அழைத்தாய். கொழும்பில் நீ வேலை செய்கிற கடையில் பழைய ஸ்டொக் கழிவு விலையில் போகிறது, பத்து அனுப்பட்டுமா என்றாய். கஜேந்திரன் அண்ணனுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. உன் பார்சல் பஸ்ஸில் வந்து இறங்கிய அன்று பக்கத்துச் சில்லறைக் கடைக்காரரிடம்கூடப் போய், "கொழும்புல நம்ம பய இருக்கான், நமக்கென்ன" என்று சொல்லிவிட்டு வந்தார். நானும் அன்று கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன்.

முதல் எஸ்.எஸ்.டி.யை வாங்கியவர் நல்லமுத்து மாமா. நான் சொல்கிற அந்தச் செவ்வாய்க்கு முந்தைய வாரம் அது. அவர் மகள் ஜீவராணி அக்கா பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம், நம் தோட்டத்திலிருந்து அங்கே போன முதல் பெண். அவருடைய பழைய லெப்டொப் திறப்பதற்குள் ஒரு தேத்தண்ணீர் குடித்து முடித்துவிடலாம். எஸ்.எஸ்.டி. போட்டால் ஓடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கஜேந்திரன் அண்ணன், முன்பே எங்களிடமிருந்த ஒன்றையும் நீ அனுப்பியதில் ஒன்றையும் மேசையில் வைத்தார். மாமா வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று எடுத்துக் கொஞ்ச நேரம் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு நீ அனுப்பியதைக் காட்டி, "இதுதான் கனமா இருக்கு. வெலயும் கொறவு. அந்த லேசானத வச்சுக்கிட்டு நீயே வெளையாடு தம்பி" என்றார்.

யாராவது நம் ஆட்களில் வேறு மாதிரி எடுப்பார்களா? விடிந்தால் கொழுந்தைத் தராசில் போட்டுத்தான் அன்றைய நாள் எவ்வளவு என்று தெரிந்துகொள்கிறோம். ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு என்று நிறையைக் குறைத்தால் சண்டை பிடிக்கிறோம். கனமானது நல்லது என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல எஸ்.எஸ்.டி. ஒரு காய்ந்த ரொட்டித் துண்டு போல லேசாகத்தான் இருக்கும் என்று மாமாவுக்கு எப்படித் தெரியும். எனக்கே நேற்றுத்தான் தெரியும்.

நேற்றுக் காலை மாமாவும் ஜீவராணி அக்காவும் கடை திறந்தவுடனே வந்தார்கள். அக்கா தன் ஆய்வு முழுவதையும் அதில்தான் ஏற்றியிருந்தார். பழைய ஹார்ட் டிஸ்க்கை இனி வேண்டாமென்று, அதிலிருந்ததை அழித்துத் தம்பியின் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டார். இப்போது பார்த்தால் எல்லாப் பெயரும் வரிசையாக இருக்கிறது, திறந்தால் ஒன்றுமில்லை. அவர் அழவில்லை. ஒவ்வொன்றாகக் காட்டி, "இதத் தொறங்க அண்ணே, இது தொறக்குதான்னு பாருங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த மாதம் ஒப்படைக்க வேண்டுமாம். பிறகு என் பக்கம் திரும்பி, "வினோதா, இது லோஜன் அனுப்புனதுதானே?" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

கஜேந்திரன் அண்ணன் அதைக் கழற்றி, கத்தி முனையால் மேசையிலேயே பிளந்தார். போனில் போடுகிற மெமரி காட் ஒன்று ஒரு சின்னப் பலகையில் செருகியிருந்தது. அதில் கொஞ்சம்தான் கொள்ளுமாம், மிச்சத்துக்குப் பெயர் மட்டும்தான் நிற்குமாம். மிச்ச இடத்தில் ஓர் இரும்புத் துண்டு, பசை போட்டு ஒட்டியிருந்தது. என் கையில் உருண்டதும் அப்படி ஒன்றுதான், பசை விட்டுப்போனது. நல்லமுத்து மாமா அந்த இரும்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "கனத்துக்குத்தான் காசு குடுத்திருக்கேன்" என்றார். அதைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு, "கொழும்புக்குப் போன நம்ம வீட்டுப் புள்ளய நம்பாம வேற யார நம்புறது, நீயே சொல்லு தம்பி" என்றார்.

கஜேந்திரன் அண்ணன் உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "பாவம், லோஜனுக்கு எங்க தெரியப்போவுது. அவனையும் சேத்துத்தான் ஏமாத்தியிருக்கானுங்க. இது ஒன்னு மட்டுந்தான் இப்பிடி இருக்கும்" என்றார். தன்னிடமிருந்த நல்லதை அக்காவின் லெப்டொப்பில் சும்மாவே போட்டுக்கொடுத்தார். ஓர் அத்தியாயத்தை எப்படியோ மீட்டார். மற்றது போனதுதான்.

அண்ணா, அவர் "எங்க தெரியப்போவுது" என்று சொன்னபோது எனக்கு உன் குரல் கேட்டது. பார்சல் அனுப்பிய அன்று நீ வீட்டுக்கு அழைத்தாய், அம்மா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "நம்ம தோட்டத்து ஆளுங்க தூக்கிப் பாத்துத்தான் வாங்குவாங்க, அதுக்கு ஏத்த சாமானாத்தான் அனுப்பியிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தாய். நாங்களும் சிரித்தோம். அப்பாவுக்கு இருமலே வந்துவிட்டது.

அந்த இரும்பைப் பார்த்ததிலிருந்து அந்த வசனத்துக்கு வேறு அர்த்தம் இருக்குமா என்று தேடிக்கொண்டே இருக்கிறேன். இருந்தால் சொல், நான் நம்புகிறேன்.

உனக்கு அங்கே என்ன நெருக்கடி என்று எங்களுக்குத் தெரியாது. ஸ்டொக்கைத் தள்ளாதவன் நாளைக்கு வர வேண்டாம் என்று உன் முதலாளி சொல்வதாக ஒருமுறை சொன்னாய். கடையிலேயே படுக்கிறாய் என்பதை நீ சொல்லவில்லை, உன் போட்டோவுக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக இருந்ததை வைத்து நானாகப் பார்த்தேன். நீ கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்த வருஷம்தான் நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன். அதற்காக ஒருநாளும் நான் வருத்தப்பட்டதில்லை, வீட்டில் ஒருவராவது மேலே வரட்டும் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கோயில் திருவிழாவுக்குக் கொண்டுவந்த ஆம்பிளிஃபயரை நீ தொட்டுப் புகைய வைத்தது ஞாபகம் இருக்கிறதா? யாரும் பார்க்கவில்லை. நீயே தோட்டத்துத் தலைவர் வீட்டுக்குப் போய், நான்தான் தொட்டேன் என்று சொன்னாய். அடி விழுந்தது. அடுத்த வருஷம் அதே தலைவர் உன்னைக் கூப்பிட்டுத்தான் வயர் இழுக்கச் சொன்னார்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் பெரியது. விலை இன்னும் ஏறப்போகிறது என்று இன்னும் இருபது எடுக்கச் சொன்னாயே, அதற்குக் கஜேந்திரன் அண்ணன் பணம் தயார் செய்துவிட்டார். ஒன்றுதான் கெட்டது, மற்றவை நல்லவை என்று நம்பி, நாளைப் பின்னேர பஸ்ஸில் உனக்கு அனுப்பப் போகிறார். அந்த இருபதும் இந்த மலையில் யார் யார் வீட்டுக்குப் போகும் என்று நினைத்துப் பார்.

வெள்ளிக்கிழமை, மத்தியானம்

நேற்று அத்தோடு நிறுத்திவிட்டேன். காலையில் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கஜேந்திரன் அண்ணன் பணத்தை எண்ணி உறையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். என்ன என்று கேட்டார். "அனுப்ப வேணாம்ண்ணே" என்றேன். ஏன் என்று கேட்டார். "எங்கண்ணனுக்குத் தெரியும்ண்ணே" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அதற்குப் பிறகு ஸ்பீக்கரில் நீ சொன்னதையும் சொன்னேன்.

அவர் உறையை மேசையில் வைத்தார். மிச்சமிருந்ததை எல்லாம் அலுமாரியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகச் சரித்துச் சரித்துக் காதில் வைத்துப் பார்த்தார், இரண்டைப் பிளந்தும் பார்த்தார். போட்டோகொப்பி எடுக்க ஒரு பிள்ளை வந்தது, அதற்கு எடுத்துக்கொடுத்தார். பிறகு என்னிடம், "அவனே வந்து சொல்லட்டும். ஞாயித்துக்கிழம வரைக்கும் நான் யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். அதுக்குப் பெறகு நல்லமுத்து அண்ணனுக்கு நான் பதில் சொல்லியாகணும்" என்றார். நான் என் பையை எடுத்தேன். "நீ எங்க போற? நாளைக்கும் கடைக்கு வரணும்" என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

என்மேல் கோபித்துக்கொள், அண்ணா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வா. காலை பஸ்ஸில் வந்தால் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடலாம். சட்டை, பழம், ஒன்றும் வாங்கி வராதே. முதலில் நல்லமுத்து மாமா காம்பராவுக்குப் போ, பிறகு கஜேந்திரன் அண்ணனிடம் போ. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நான் கூட வருகிறேன், நான் ஒன்றும் பேசமாட்டேன், பக்கத்தில் நிற்பேன். ஜீவராணி அக்கா போனதைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார். தட்டெழுத்தில் நீ வேகம். அவர் சொல்லச் சொல்ல நீ அடித்துக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு அந்தக் கொழும்புக் கடைக்கு நீ திரும்பிப் போகாவிட்டாலும் யாரும் உன்னை ஏன் என்று கேட்கமாட்டார்கள். உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் தினமும் கும்பிடுகிறேன்.

உன் தங்கச்சி,
வினோதா

பி.கு. கடிதத்தைக் கண்டக்டரிடம் கொடுக்க இப்போது பஸ் தரிப்புக்குப் போகிறேன். மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம், "ஞாயித்துக்கிழம அண்ணன் வருது" என்று சொல்லிவிட்டேன்.