கால்வாய் தின்ற ஊதா மருந்து

14 மார்ச் 1944, செவ்வாய். ஜப்பான்காரர்கள் நாட்டைப் பிடித்தபின், அவர்கள் கணக்கில் 2604. அத்தனை வருடம் முன்னால் போயும் தோட்டத்து நாற்றம் மட்டும் போகவில்லை.

தேயிலை ஃபேக்டரியில் இப்போது மரவள்ளி மாவு எடுக்கிறார்கள். கழிவுத் தண்ணீர் கால்வாயில் புளித்துப்போய், லைன் வீட்டுத் தொழிலாளர்கள் குடிக்கும் ஓடையில் கலக்கிறது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. நோய்க்கு மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரெசர் என்ற பெயருக்கு என்னிடம் மிஞ்சியது, தண்ணீரைச் சுத்தம் செய்யும் பெர்மாங்கனேட் ஒரு டப்பா. குடிதண்ணீர்த் தொட்டிக்கென்று ஒளித்து வைத்திருந்தேன்.

இன்று ஜப்பான் அதிகாரி மூக்கில் கைக்குட்டையோடு, மணப்பெண் மாதிரி வந்தான். நாளை மேலதிகாரி வருகிறாராம், கால்வாய் நாறக்கூடாதாம்; இருக்கிற மருந்தை அதில் கொட்டச் சொன்னான். "குழி வெட்டித் தேக்கி, சக்கை அடியில் தங்கியபின் ஊற்றினால்தான் மருந்து பிடிக்கும்" என்று குனிந்து வணங்கிச் சொன்னேன். நிமிர்வதற்குள் கன்னத்தில் ஒன்று விழுந்தது. டப்பா முழுவதையும் கால்வாயில் கொட்டினேன்.

ஊதாவாக அழகாகத்தான் ஓடியது. கண்மூடித் திறப்பதற்குள் பழுப்பாகிவிட்டது. மரவள்ளிச் சக்கை மருந்தைத் தின்றுவிட்டது; நாற்றம் அப்படியே.

"கால்வாய்க்கு வெத்தல போட்டு விட்டுட்டீங்க லா, ஐயா" என்றார் கங்காணி. சிரித்தேன். பிறகு அவரே மெதுவாக, "தொட்டிக்கு எப்பப் போடுவீங்க? பேத்திக்கு வயித்தால போறது இன்னும் நிக்கல."

"கொதிக்க வச்சுக் குடுங்க."

"மழையில வெறகெல்லாம் ஊறிக் கெடக்கு ஐயா."

வெறும் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினேன்.

இப்போது மருந்து மிச்சமிருப்பது என் விரல்களில்தான், பழுப்புக் கறையாக. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. கங்காணி வீட்டுக் குழந்தை அழுவது இங்குவரை கேட்கிறது. கேட்கிறவரைக்கும் நல்லது.