உயிரோடு இருந்த உனக்காக எடுத்த சாவு லீவு

என் தங்கமான அம்மாவுக்கு,

அடுத்த வாரம் உனக்கு வருஷத் திதி. நான் வேலை செய்யும் ஜவுளிக்கடைக்காரர்களைப் பொறுத்தவரை அது இரண்டு மாதம் முன்பே முடிந்துவிட்டது. இதை எழுதவே கூசுகிறது.

நீ கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நான் நேராக லீவு கேட்கவே இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் கூட வேலை பார்த்த பவானி, தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள லீவு கேட்டாள். "ஒடம்பு சரியில்லாதவங்க யார் வூட்லதான் இல்ல? சாவுன்னா மூணு நாள் போ. மத்ததுக்குன்னா அப்டியே நின்னுக்கோ" என்றார் சூப்பர்வைசர். அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள். அதனால் நான் நீ செத்துவிட்டதாகச் சொன்னேன். மூன்று நாள் கிடைத்தது.

இரண்டாம் நாள் போனை உன் கட்டிலில் வைத்துவிட்டுக் கஞ்சி வாங்கப் போயிருந்தேன். துக்கம் விசாரிக்கக் கடையிலிருந்து சுதா போன் செய்ய, நீ எடுத்துவிட்டாய். வாசலில் வரும்போதே உன் குரல் கேட்டது.

"ஆமாம்மா, தூக்கத்துலயே பூட்டாங்க. நான் அவ சித்தி பேசறேன்."

கஞ்சியை வைத்துவிட்டு உன்னையே பார்த்தேன். நீ சிரித்தாய். "இன்னாடி அப்டி பாக்கற? செத்ததுதான் செத்தேன், நல்லபடியா செத்தேன்னு சொல்லிட்டேன். உன் வேல போவக்கூடாதுல்ல?"

நீ தூக்கத்தில் போகவில்லை அம்மா. இரண்டு மாதம் கழித்து, நம் ஊர் கரியாலூரில், மூச்சுத் திணறித் தம்பி மடியில் போனாய். போன் வந்தபோது நான் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா செத்துவிட்டாள் என்று இன்னொரு முறை எப்படிச் சொல்வது? வயிற்றுவலி என்று அரை நாள் கேட்டு வாங்கினேன். பஸ் மலையேறி வருவதற்குள் உன்னை அடக்கம் செய்துவிட்டார்கள். மறுநாள் காலை கடையில் முகூர்த்தப் புடவை விரித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே காட்டினேன்.

நேராகக் கேட்டிருந்தால் சூப்பர்வைசர் லீவு கொடுத்திருப்பாரோ? வேலை போயிருந்தால்தான் என்ன, உன் பக்கத்திலாவது இருந்திருப்பேனே?

இப்போது சுதாவின் மாமியார் படுக்கையில் இருக்கிறார். "நானும் செத்துட்டாங்கன்னே சொல்லிடட்டுமாக்கா?" என்று நேற்று என்னிடமே கேட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதாள். பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரு லெட்டர் எழுதினோம். உயிரோடு இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளவும் லீவு வேண்டும், திரும்பி வந்தால் வேலை இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். கீழே, உன் திதிக்கு நான் கேட்கும் லீவுக்கு, நீ செத்த உண்மையான தேதியை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

நாளைக் காலை அதைச் சூப்பர்வைசரிடம் நானே கொடுப்பேன். என்னை நிறுத்தினாலும் சரி. ஒரு வேலைக்காக இனி உன்னைச் சாகடிக்க மாட்டேன் அம்மா.

உன்னைப் புதைத்த இடத்துக்குப் பிந்தி வந்த
உன் மூத்த மகள்,
வசந்தா