டாம்சனின் அடித்தகடு

நான்ட்விச்,
மார்ச் 9

அன்புள்ள அண்ணன் கிளைவுக்கு,

ஏவ்ரில் எழுதுவது. நான் நலம். அண்ணியின் மூச்சிரைப்பு ஸ்பெயின் வெயிலுக்குக் கொஞ்சமாவது அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மூன்று வாரமாக விடாத மழை. கால்வாய்த் தண்ணீர் கரையை எட்டி நிற்கிறது. போனில் பேசினால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உன்னிடம் சொல்லாமல்தான் உன் இரும்புப் படகு டாம்சனுக்கு சர்வே, அதாவது ஆள் வைத்து முழுச் சோதனை, செய்தேன். இந்த வாடகை வீட்டைக் காலி செய்து, படகை உன்னிடம் வாங்கி, அதிலேயே குடியிருப்பது என்று கிறிஸ்துமஸில் பேசி முடித்தோமே, அன்றைக்கு நீ சொன்னாய்: "அண்ணன் தங்கச்சிக்குள்ள சர்வே எதுக்கு? அந்தக் காசுல நல்ல அடுப்பா வாங்கிக்கோ." நானும் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஷூரன்ஸ்காரர்கள் விடவில்லை. முப்பது வயது தாண்டிய படகுக்கு சர்வே ரிப்போர்ட் இல்லாமல் பாலிசி கிடையாதாம். உன்னைச் சந்தேகப்படுவதாக நினைத்து வருந்துவாயோ என்று கூசித்தான் மறைத்தேன்.

அவர்கள் கொடுத்த பட்டியலில் நம் பக்கத்துச் சர்வேயர் ஒருவர்தான் இருந்தார், கார்சைட் என்று பெயர். படகுப் பட்டறையில் டாம்சனைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கட்டைகள்மேல் நிறுத்தியிருந்தார்கள். மனிதர் காரிலிருந்து இறங்கியதும் படகின் பெயரைப் படித்துவிட்டு, யாரிடமிருந்து வாங்குகிறேன் என்று கேட்டார். என் சொந்த அண்ணனிடமிருந்து என்று பெருமையாகவே சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மழைத் தண்ணீரை உதறினார்.

"இந்தப் படகை நான் போன அக்டோபர்ல பாத்திருக்கேம்மா. வேற ஒருத்தர் வாங்க வந்திருந்தாங்க. அந்த ரிப்போர்ட் அவங்களோடது, அதைப் பத்தி நான் வாயைத் திறக்கக்கூடாது. இன்னைக்கு என்ன இருக்கோ காட்டறேன், கூடவே வாங்க."

கூடவே போனேன். துருப் பிடிக்காமல் இருக்கப் பூசியிருந்த கறுப்புப் பூச்சை அங்கங்கே சுரண்டி, அடித்தகட்டின் கனத்தைக் காட்டும் சின்னக் கருவியை வைத்து அவர் எண்களைச் சொல்லச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். முன்பக்கம் ஐந்து மில்லிமீட்டர். நடுவில் நாலரை. நாலுக்குக் கீழே போனால் பாலிசி தரமாட்டார்கள். பின்பக்கம் வந்தபோது மூன்று என்றார், பிறகு இரண்டரை என்றார், பிறகு எண் சொல்வதையே விட்டுவிட்டார். படுக்கை அறைக்கு நேர் கீழே சுத்தியலால் தட்டினார். சத்தம் மாறியது. இரண்டாவது தட்டில் சுத்தியலின் முனை உள்ளே போய்விட்டது. அந்த ஓட்டை வழியாகத் துருத் தண்ணீர் என் செருப்பு நனையும் அளவுக்குக் கொட்டியது. தண்ணீரில் நிற்கும்போது இந்த ஓட்டை விழுந்திருந்தால், படகு கால்வாயின் அடியில் உட்கார பத்து நிமிஷம் போதும் என்றார்.

உள்ளே தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்கத் தரையில் ஒரு மூடி இருக்குமாம். தேடினோம். எனக்கென்று நீ புதிதாகப் போட்டுக்கொடுத்த பச்சைக் கம்பளத்துக்கு அடியில் இருந்தது. ஒட்டியது போதாதென்று ஓரமெல்லாம் ஆணியும் அடித்திருந்தாய். அந்தக் கம்பளத்தைக் காட்டிய அன்று உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னேன் கிளைவ்.

அன்று மாலை போனில் அக்டோபர் சர்வேயைப் பற்றிக் கேட்டேன். பின்னால் அண்ணி, "அவளுக்குத் தெரிஞ்சு போச்சா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நீ சொன்னாய்: "அந்த ஆளுங்க எல்லாத்தையும் பெருசு பண்ணுவாங்க. என் கையில இருபது வருசமா மிதக்குது, இன்னும் மிதக்கும்." நான் போனை வைத்துவிட்டேன். மறுநாள் உன் செய்தி வந்தது: ஓட்டையை அடைத்து, மேலே கறுப்புப் பூசச் சொல், யாரிடமும் எதுவும் சொல்லாதே, வாங்க நான் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று.

நீ பார்த்த ஆட்கள் சனிக்கிழமை வந்தார்கள். ஸ்டோக்கிலிருந்து ஒரு இளம் ஜோடி, கையில் நாலு மாதக் குழந்தை. படகில் முன்பே வைத்திருந்த என் சாமான்களை எடுக்க நானும் பட்டறைக்குப் போயிருந்தேன். அந்தப் பெண் என்னிடம், குளிர்காலத்தில் குழந்தைக்கு உள்ளே கதகதப்பாக இருக்குமா என்று கேட்டாள். நீ சொன்னபடி சும்மா இருக்கத்தான் நினைத்தேன், சத்தியமாக. என் பையில் ரிப்போர்ட் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன். இருவரும் மழையில் நின்றபடியே கடைசிப் பக்கம்வரை படித்தார்கள். அவன் போய்க் காரில் உட்கார்ந்துவிட்டான். வாங்குபவர் என்ற இடத்தில் என் பெயரைப் பார்த்த அவள் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு இனிமே வீடு?" என்று கேட்டாள். நீயோ அண்ணியோ என்னிடம் கேட்காத கேள்வி அது.

பட்டறைக்காரர்களுக்கும் இப்போது எல்லாம் தெரியும். பிறர் வாயால் நீ கேள்விப்பட வேண்டாம் என்றுதான் நானே எழுதுகிறேன். கோபித்துக்கொள், பரவாயில்லை.

என் வீட்டுக்கு வேறு குடித்தனக்காரர்கள் கையெழுத்துப் போட்டாயிற்று. மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பள்ளிச் சமையலறையில் என்னோடு வேலை பார்த்த டோரீன் தன் மாடி அறையைத் தருகிறாள். பூனை மட்டும் கூடாதாம். அதற்கும் இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஈஸ்டருக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். வா. வராமல் இருந்துவிடாதே. டோரீனின் அடுப்பில் ஆட்டுக்கறி வாட்டித் தருகிறேன். சண்டை போட மாட்டேன், நீ மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், படகின் பின்பக்கப் படுக்கை அறையில் மண்டியிட்டு, என் கட்டில் எங்கே வர வேண்டும் என்று நீதானே டேப் வைத்து அளந்தாய். தலைமாட்டைச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொள் என்றுகூடச் சொன்னாய். அந்த நேரத்தில் உன் மனதில் என்ன ஓடியது என்று மட்டும் எனக்குச் சொல்லிவிடு. நல்ல பதிலாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணிக்கும் ஆண்டவர் நல்ல சுகம் கொடுக்கட்டும்.

இன்னும் உன் தங்கைதான்,
ஏவ்ரில்