ஜாக்கியில் நின்ற கேரவன்

பிப்ரவரி 10

ஷூட்டிங்குக்கு வந்து ஆறாவது நாள். கதாநாயகியின் ரவிக்கைக்கு மூன்றாவது தடவையாகக் கொக்கி மாற்றித் தைத்தேன். உடம்பு ஏறுவது அவளுக்கு, திட்டு விழுவது எனக்கு. வீட்டோடு தையல் மெஷினை மிதித்துக்கொண்டு கிடந்தவளுக்கு சீரியல் காஸ்ட்யூம் வேலை என்றதும் தலைகால் புரியவில்லை. வந்து பார்த்தால்தானே தெரிகிறது.

முக்கொம்பு தாண்டி ஒரு தென்னந்தோப்பைப் பிடித்திருக்கிறார்கள். காமிராவுக்கு அழகுதான். பொம்பளை ஒதுங்க மறைவில்லை. தென்னைக்குப் பின்னால் ஒளிய நான் என்ன ஓணானா? கேரவனில் மூன்று அறை, மூன்றிலும் பாத்ரூம். ஆனால் அது நடிகர்களுக்கு மட்டும். இன்றும் படிக்கட்டில் கால் வைத்ததுமே மேனேஜர் பிரதீப் ஓடி வந்தான்: "அக்கா, ஏறாதீங்க. எத்தனை வாட்டி சொல்றது?" ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது யாரிடமாவது இதைச் சொல்கிறான்.

காலை ஆறரைக்கு எடமலைப்பட்டி புதூரில் வீட்டுக் கதவைப் பூட்டினால், திரும்ப இரவு எட்டு. அதுவரை அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன். அடிவயிறு சுருக் சுருக்கென்று குத்துகிறது.

பிப்ரவரி 12

கேரவன் டிரைவர் அடைக்கலம் அண்ணன் ஸ்ரீரங்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். இன்று நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துணி மூட்டை மேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, வேறு எங்கோ பார்த்தபடி சொன்னார்: "நடிகருங்க ஷாட்டுக்குப் போனதும் கண் காட்டுறேம்மா. பின்பக்கக் கதவு வழியா ஏறி, சட்டுனு போயிட்டு வந்துடுங்க. பிரதீப் கண்ணுல பட்டுடாதீங்க."

அறுபது ஆண்கள் இருக்கும் இடத்தில் இந்த ஒரு மனுஷனுக்குத்தான் அது தோன்றியிருக்கிறது. கண் கலங்கிவிட்டது எனக்கு. சே, இதற்கெல்லாம் அழுவார்களா.

பிப்ரவரி 13

இன்று இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தேன்.

பிப்ரவரி 15

எழுதினால்தான் மனசு அடங்கும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கேரவனின் பின்சக்கரம் பஞ்சர் ஆகிவிட்டது. நடிகர்களை எல்லாம் இறக்கிக் குடைக்கடியில் உட்கார வைத்தார்கள். அடைக்கலம் அண்ணனும் ஜெனரேட்டர் வண்டி டிரைவர் செபஸ்தியான் அண்ணனும் சேர்ந்து ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். "யாரும் ஏறாதீங்க" என்று அடைக்கலம் அண்ணன் இரண்டு தடவை கத்தினார். கேட்டது. நன்றாகவே கேட்டது.

பின்பக்கக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. பிரதீப் சாப்பாட்டு வேன் பக்கம் போயிருந்தான். காலையிலிருந்து எனக்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. இப்போது விட்டால் சாயங்காலம்தான் என்று ஏறிவிட்டேன்.

பாத்ரூமிலிருந்து எழுந்து ஓரடி வைத்தேன். தரை சரிந்தது. தோள் சுவரில் போய் மோதியது. கீழே டம்மென்று ஒரு சத்தம். பிறகு செபஸ்தியான் அண்ணனின் குரல். அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை.

இறங்கி ஓடினேன். அடைக்கலம் அண்ணனின் காலிலிருந்து இடுப்பு வரைதான் வெளியே தெரிந்தது. மீதி வண்டிக்கடியில். ஆளாளுக்குத் தூக்கினார்கள், நானும் கை வைத்தேன். அசையவில்லை. செபஸ்தியான் அண்ணன் தன் வண்டி ஜாக்கியைக் கொண்டுவந்து போட்டுத்தான் வெளியே எடுத்தார்கள். உயிர் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள்.

எனக்கும் தோள் வீங்கியிருக்கிறது. நானும் உள்ளே மாட்டியிருப்பேன், தப்பித்தேன்.

பிப்ரவரி 16

நேற்று எழுதிய கடைசி வரியைப் படித்தால் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் செபஸ்தியான் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே ஆரம்பித்தார். "ஜாக்கிக்கு அடியில பலகை வெச்சேம்மா, மணல்ல இறங்கக் கூடாதுன்னு. முன் சக்கரத்துக்குக் கல்லு வெச்சேன். டயரைக் கழட்டியாச்சு. அடியில ஸ்பிரிங் பட்டை சரியா இருக்கான்னு பாக்கணும்னான் அடைக்கலம். இருடா, வண்டியைத் தாங்கற இரும்பு ஸ்டாண்டு போடாம உள்ள போகாத, என் வண்டியில இருக்கு, எடுத்துட்டு வரேன்னு போனேன். அதுக்குள்ள படுத்துத் தலையை விட்டுட்டான்."

பிறகு, "ஆனா ஜாக்கி தானா சரியாதும்மா. வண்டி ஆடணும். மேல ஆள் ஏறி நடந்தா ஆடும். மேலதான் யாருமே இல்லையே" என்றார்.

யாருமே இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். என்ன ஜென்மம் நான்?

பிப்ரவரி 17

விடியற்காலையில் அடைக்கலம் அண்ணன் போய்விட்டார்.

பிப்ரவரி 18

செபஸ்தியான் அண்ணனைப் போலீஸ் அழைத்துப் போனது. ஜாக்கியை ஒழுங்காக வைக்காமல் ஆளைக் கொன்றுவிட்டார் என்று வழக்கு. வேறு கேரவன் வந்துவிட்டது. நாளை மறுநாள் ஷூட்டிங். நான் போகப் போவதில்லை.

பிப்ரவரி 20

என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். திருவெறும்பூர் ஃபாக்டரியில் பளு தூக்கும் பிரிவில் இருப்பவர். ஜாக்கி, கிரேன் எல்லாம் அத்துப்படி. சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தார்.

"ஸ்டாண்டு இல்லாம அடியில போனது அவர் தப்பு. ஸ்டாண்டு இருந்திருந்தா நீ உள்ள குதிச்சிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார்.

"நான் ஏறாம இருந்திருந்தா?"

எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "உன்னை யாரும் பாக்கல, யாரும் கேக்கல. நீயா ஏன் போய்த் தலையைக் குடுக்கற? கக்கூஸ் போனேன்னு ஸ்டேஷன்ல நின்னு சொல்லுவியா? பேப்பர்ல போடுவான், சித்ரா."

அதுதான். செத்தது ஒருவர், உள்ளே இருப்பது ஒருவர். எனக்கோ அந்த வார்த்தையை நாலு ஆம்பளைங்க முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு கூச்சம். இந்தக் கூச்சத்தில்தானே அன்றைக்கும் ஒரு வார்த்தை கேட்காமல் திருட்டுத்தனமாக ஏறினேன். "அண்ணே, ஏறலாமா?" இவ்வளவுதான் கேட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 25

ஸ்ரீரங்கம் போனேன். அடைக்கலம் அண்ணனின் மனைவி வள்ளிக்கண்ணு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள். என்னைவிடச் சின்னவள். ஷூட்டிங்கில் கூட வேலை பார்த்தேன் என்றேன். நாற்காலி எடுத்துப் போட்டாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

"பதினெட்டு வருஷப் பழக்கம்க்கா. செபஸ்தியான் அண்ணன் எங்க வீட்டுல சாப்பிடாத ஞாயித்துக்கிழமை இல்ல. அந்த ஆளு விளங்கவே மாட்டான்" என்றாள். செபஸ்தியான் அண்ணனின் சம்சாரம் நேற்று வாசலில் வந்து அழுதாளாம். இவள் கதவைத் திறக்கவில்லையாம்.

வாயைத் திறந்தேன். உடம்பைப் பார்த்துக்கம்மா என்றுதான் வந்தது. பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்வரை அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள்.

மார்ச் 1

செபஸ்தியான் அண்ணனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. யாரும் அவருக்கு வண்டி கொடுப்பதில்லையாம். பிரதீப்பிடம் போனில் கேட்டேன். "அந்தாளுக்கு மூளை கலங்கிடுச்சுக்கா. பலகை வெச்சேன்னு சொன்னவரு இப்ப வெச்சேனான்னு தெரியலங்கறாரு" என்றான்.

மார்ச் 3

போனேன். ஸ்டேஷனுக்கு இவரும் கூட வந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் வந்தார்.

இன்ஸ்பெக்டர், ரைட்டர், இன்னும் இரண்டு பேர். பெண் போலீஸ் ஒருத்தி மட்டும் ஓரமாக நின்றாள். சொன்னேன். எங்கே போனேன், எதற்குப் போனேன், எல்லாம். ரைட்டர் பேனாவை நிறுத்தினார். "இயற்கை உபாதைக்காகன்னு எழுதிக்கோங்க" என்று அந்தப் பெண் போலீஸ் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் கேட்டார்: "ஏறாதீங்கன்னு அவர் கத்தினது உங்களுக்குக் கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு சார்."

"அப்புறம் ஏன் ஏறினீங்க?"

"தினமும் அதைத்தான் சார் எங்ககிட்ட சொல்லுவாங்க. அன்னிக்கும் அதேதான்னு நெனச்சுட்டேன்."

ரைட்டர் நிமிர்ந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அதை எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 4

வள்ளிக்கண்ணுவுக்குப் போன் செய்து நானே சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. கடையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் நான்தான் வைத்தேன்.

மார்ச் 19

பேப்பரில் வந்துவிட்டது. தைக்கக் கொடுத்திருந்த இரண்டு பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். போகட்டும்.

மே 22

சம்மன் வந்திருக்கிறது. வழக்கில் இப்போது என் பெயர்தான். செபஸ்தியான் அண்ணன் பெயரை எடுத்துவிட்டார்கள். வக்கீல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் இவர்.

சாயங்காலம் செபஸ்தியான் அண்ணன் வந்தார். ஆளே பாதியாகிவிட்டார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"மூணு மாசமா நானே என்னை நம்பலம்மா. சொல்லிட்டீங்க. அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னுதான் பஸ் ஏறினேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆனா வாய் வரலம்மா" என்றார்.

கேட்டைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.